மகிழ்ச்சிப் பொறுப்பாளரின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

உங்கள் ஜவுளிக்கடையின் பட்டு செக்ஷனில் வேலை பார்க்கும் பெண் எழுதுவது. போன வாரம் கடை திறக்குமுன் எங்களை மாடியில் கூட்டி, டை கட்டிய ஒருவரைப் பேசவைத்தீர்கள். "உங்க சந்தோஷத்துக்கு நீங்கதான் பொறுப்பு, முதலாளி இல்லை" என்றார். அதையே அச்சடித்த தாளில் எங்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். மனம் குளிர்ந்துவிட்டது. சம்பளம், லீவு, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் உங்கள் கையில் இருக்க, இந்த ஒன்றையாவது எங்களிடம் ஒப்படைத்தீர்களே!

ஒப்படைத்த சரக்குக்குக் கணக்குச் சொல்ல உங்கள் கடையில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பீஸ் குறைந்தால் செக்ஷன் பெண்கள் எல்லார் சம்பளத்திலும் பிடிப்பீர்கள். எனவே மகிழ்ச்சிக்கும் ஸ்டாக் எடுத்து வருகிறேன். காலையில் இருப்பு சரியாகவே இருக்கிறது. சோற்றை விழுங்கிவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும்போது கொஞ்சம் குறைகிறது. சாயங்காலம் ஒரு குடும்பம் வருகிறது. ஒரு அலமாரிப் புடவை முழுவதையும் பிரித்துப் போடச் சொல்லி, முந்தி பார்த்து, கரை பார்த்து, "சும்மா விலை கேட்கத்தான் வந்தோம்" என்று எழுந்து போகிறது. அப்போது மளமளவென்று சரிகிறது. எழுந்து போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள் ஐயா. உட்கார்ந்திருந்தவர்கள்தானே எழ முடியும்?

கசிவு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். செக்ஷனில் மூத்த அக்காக்களின் கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வெரிகோஸ் என்கிறார் டாக்டர். "நேர்மறையா யோசிங்க" என்றார் உங்கள் பயிற்சியாளர். யோசிக்கிறோம். நரம்புக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

அரசாங்கத்துக்கும் இந்தப் பயிற்சி கிடைத்திருக்கவில்லை போலிருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வந்தால் உட்கார, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. நீங்கள் சட்டத்தை மதிப்பவர். ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். வாய்ப்புத்தான் இன்னும் வந்து சேரவில்லை. கஸ்டமர் இருந்தால் புடவை காட்டவேண்டும். இல்லாவிட்டால் மடிக்கவேண்டும். மடித்தும் முடித்துவிட்டால் படியோரம் நின்று "வாங்க மேடம்" சொல்லவேண்டும். தப்பித்தவறி உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கேமராவில் பார்த்து மைக்கில் கூப்பிடுகிறார். இப்போது ஸ்டூல்கள்மேல் காலி அட்டைப்பெட்டிகள் அமர்ந்திருக்கின்றன. அவை மகிழ்ச்சியாகவே தெரிகின்றன.

கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்களும் உங்கள் பயிற்சிக்கு வராதவர்கள்தான். மூச்சை இழுத்து விட்டாலே தீர்ந்திருக்கவேண்டிய விஷயத்துக்கு, 'பெண்கூட்டு' என்று அமைப்பு கட்டித் தெருவில் இறங்கினார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி. 2018-இல் அங்கே சட்டமே திருந்தியது. பொறுப்பற்றவர்கள்!

1947-இல் வந்த நம் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இன்னும் சில விதிகள் இருக்கின்றன. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஓவர்டைம் சேர்த்தாலும் பத்துக்கு மேல் கூடாது, நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு. பயிற்சியாளருக்கு இதைச் சொல்ல நேரமில்லை. படுக்குமுன் அன்றைக்கு நன்றி சொல்லவேண்டியதை நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன்: "இன்றைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. மாடி முழுக்க இருட்டில் தரையில் உட்கார்ந்தோம். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தோம்." மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் தனியாகப் போடுகிறேன்.

கஸ்டமர்களைக் குறை சொல்லமாட்டேன். 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது எங்களைப் பார்த்து ஊரே அழுதது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடித் தள்ளுபடிக்கும் வந்தது.

இனி விண்ணப்பம். பொறுப்பு என்னுடையது என்றால், பொறுப்பாளருக்கு உரிய சில அதிகாரங்களும் வேண்டும். அட்டைப்பெட்டிகளை இறக்கிவைக்க அனுமதி. பாத்ரூம் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று ஓர் உத்தரவு. தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. அடுத்த வகுப்பைத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடை பூட்டியபிறகு வைக்கவும். பயிற்சியாளர் காலையிலிருந்தே எங்கள் கவுண்டரில் நின்றுவிட்டுப் பேசவேண்டும்.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது மகிழ்ச்சி குறைந்திருந்தால் வழக்கம்போல என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பிடிக்குமுன் அதன் விலைச்சீட்டை எனக்குக் காட்டவேண்டும். ஆடித் தள்ளுபடி போக எவ்வளவு என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பட்டு செக்ஷன், இரண்டாவது மாடி