இன்னொரு கமரா

கோல் போட்டவன் பெயர் பெனால்டி அண்ணனுக்கு ஞாபகம் இருக்காது. விசில் ஊதியவர் பெயரை, அவர் எந்த நாட்டுக்காரர், எங்கே நின்று ஊதினார் என்பதோடு சேர்த்துச் சொல்வார். கட்டுகஸ்தோட்டையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. நித்தவளை மைதானம் பக்கத்தில் இருப்பதால் ஊருக்கு உயிர் ரகர்தான். ஆனால் ரகரில் நிமிடத்துக்கொரு பெனால்டி. அபூர்வத்தில்தான் இவருக்கு ருசி.

சம்பியன்ஸ் லீக் மெட்ச் பெரும்பாலும் நமக்கு நள்ளிரவுக்கு மேல். அலாரம் வைத்து எழும்பி உட்காருவார். ஒன்றும் நடக்காவிட்டால் (நாலு கோல் விழுந்தாலும் அது ஒன்றும் நடக்காததுதான்) டீவிக்கு முன்னாலேயே தூங்கிப்போவார். விசில் கேட்டால் மட்டும் கண் திறக்கும்.

முன்னால் ஓடுகிறவன் காலைத் தட்டி விழுத்தினார்கள், பெனால்டி கொடுத்தார்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இதுல பேச என்னா இருக்கு?" அவருக்கு வேண்டியது 2024 நவம்பர் 6 போல ஓர் இரவு. அஸ்டன் வில்லா கோல்காப்பாளர் மார்டினெஸ், கோல் உதையைப் பக்கத்தில் நின்ற மிங்ஸுக்கு மெல்லத் தட்டிவிட்டார். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்த மிங்ஸ் பந்தைக் கையில் எடுத்தார். பெனால்டி! புரூஜ் அணி அந்த ஒரே கோலில் வென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆர்சனலின் கப்ரியேல், பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தார், பெனால்டி இல்லை. அது சின்னப்பிள்ளைத்தனமான தவறு, காலிறுதியில் அதற்கெல்லாம் பெனால்டி தரமுடியாது என்று நடுவர் சொன்னதாக பயர்ன் பயிற்றுநர் டூகெல் புலம்பினார்.

"அங்க சின்னப்புள்ள, இங்க குற்றவாளியா? சட்டம் ஒண்ணுதானே தம்பி?" என்பார் அண்ணன். "ஆமாண்ணே, அநியாயந்தான்" என்று நாம் தலையாட்டினால் போச்சு. உடனே அந்தப் பக்கம் தாவி, ஆர்சனல் மெட்சில் விசில் எப்போது கேட்டது என்று தொடங்கிவிடுவார். அவரோடு ஒத்துப்போவதைப்போல அவருக்குக் கோபமூட்டும் காரியம் வேறில்லை.

ஜெர்மனி இரண்டாம் பிரிவைக்கூட விடமாட்டார். 2019 ஒக்டோபரில் ஹோல்ஸ்டைன் கீல் அணியின் மாற்று வீரர் ஒருவர் கோலுக்குப் பின்னால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். எதிரணி அடித்த பந்து வெளியே போகிறதே என்று காலால் நிறுத்தினார். பந்து கோட்டை முழுதாகத் தாண்டியிருக்கவில்லை. வீடியோ பார்த்துப் பெனால்டி கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது மேசையில் நனைந்த விரலால் கோடு போட்டு, தேத்தண்ணி மூடியைப் பந்தாக வைத்துக் காட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மூலம் 1998 உலகக் கிண்ணம், ஜூன் 23, மார்சேய். பிரேசிலுக்கு எதிராக நோர்வேக்கு 89ஆவது நிமிடம் வாக்கில் ஒரு பெனால்டி. கொடுத்தவர் அமெரிக்க நடுவர் எஸ்பந்தியார் பஹார்மஸ்ட். எந்தக் கமராவிலும் குற்றம் தெரியவில்லை. நோர்வே வென்றது, மொரோக்கோ வெளியேறியது, பத்திரிகைகள் அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டன. பிறகு சுவீடன் தொலைக்காட்சிக் கமரா ஒன்றில், ஜூனியர் பையானோ நோர்வேயின் ஃப்ளோவைச் சட்டையைப் பிடித்து இழுப்பது பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து அண்ணன் எந்த விவாதத்திலும் தோற்றதில்லை. ஆதாரம் காட்டினால், "இன்னொரு கமரா இருக்கும், பொறுங்க" என்பார்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஊர் அப்படி. முரளிதரன் படித்தது இங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில். 1995 டிசம்பர் 26, மெல்பர்னில் டெரல் ஹெயார் அவருக்கு ஏழு தடவை நோபோல் கொடுத்த பிறகு, முழங்கையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவன் இங்கே ஆம்பிளையே இல்லை. பிற்பாடு 15 பாகை வரை மடங்கி நிமிரலாம் என்று ஐசிசி விதியே மாறியது. அண்ணன் அந்த முழங்கையில் தொடங்கியவர். காலப்போக்கில் காலுக்கு இறங்கிவிட்டார்.

போன மாதம் அவர் வழக்கமாக உட்காரும் கடையில் கமரா பூட்டினார்கள். கணக்குப் பார்க்கும்போது, "ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ்" என்றார் அண்ணன். கடைக்கார நானா சிரித்துக்கொண்டே மேலே காட்டினார்.

"ரோல்ஸ் ரெண்டு அண்ணே. படத்துல ஈக்கிது."

அண்ணன் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். அது மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். கோணத்தைக் கண்ணால் அளந்தார்.

"நானா, ரெண்டாவதுல பாதி பீங்கான்லயே இருக்கு. முழுசா உதட்டத் தாண்டல."