ஃபோர் வீல் சார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்டி தொழிற்பேட்டை ஓரத்துச் சந்துகளில் நடந்து பாருங்கள். லேத்துப் பட்டறைகளின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஏதாவது ஒரு வாசலில் பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று ஜாக்கி மேல் நிற்கும். அதன் அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மெக்கானிக் பாயுடையவை. மற்ற இரண்டில் மண்ணே படாத ட்ரெக்கிங் ஷூ இருந்தால், அவர்தான் ஃபோர் வீல் சார்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் மெட்ரோவில் ஆபீஸ் போவார். வீட்டம்மாவுக்குத் தனியே ஒரு ஆட்டோமேட்டிக் கார் உண்டு. அப்படியானால் ஜிப்ஸி எதற்கு என்று கேட்டால், "காட்டுக்கு" என்பார். கிண்டியில் காட்டுக்கு என்ன குறை! வீட்டுக்கு எதிரிலேயே 270 ஹெக்டேர் தேசியப் பூங்கா இருக்கிறது, மான் இருக்கிறது, நரி இருக்கிறது. வண்டியை மட்டும் உள்ளே விட மாட்டார்கள். மதில் ஓரமாக நிறுத்திவிட்டு, மரக்கிளையைப் பார்த்தபடி டீ குடித்துத் திரும்புவார். அன்றைக்கு ஆஃப்ரோடு முடிந்தது.

வண்டிக்கு ராணுவப் பச்சை அடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதி 121 குறுக்கே நிற்கிறது; ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே. அதனால் அதற்கு அடுத்த வீட்டுப் பச்சையாக ஒன்றைப் பெயின்டரோடு உட்கார்ந்து கலந்து அடித்திருக்கிறார். போலீஸ்காரர் கேட்டால் "பாசிப் பச்சை சார்" என்பார். மச்சான் கேட்டால் "மிலிட்டரி கலர்" என்பார்.

ஜிப்ஸி 1985 கடைசியில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் 'கிங்' வந்தது. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். ஃபோர் வீல் சார் அதற்கு முன்பு வரை அவ்வளவு தீவிரமாக இல்லை. இனிக் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் பக்தி முற்றியது.

பக்திக்கு மூலஸ்தானம் டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் தரும் இழுவையைப் பின் சக்கரங்களுக்கு மட்டும் தருவதா, முன்னுக்கும் சேர்த்துத் தருவதா, வேகமாகத் தருவதா, நிதானமாகப் பலத்தோடு தருவதா என்று தீர்மானிக்கிற பெட்டி. பழைய வில்லிஸ் ஜீப்பில் இது கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கும், கூட்டுக்குடும்பம். ஜிப்ஸியில் தனிக்குடித்தனம். நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் மட்டும் போக்குவரத்தாக ஓடும். ஆகவே கியர்பாக்ஸைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். இந்த வசதிதான் அவரைக் கெடுத்தது.

அவரிடம் இருப்பது கிங். அதன் பெட்டியில் லோ விகிதம் 2.268. 410 என்று அழைக்கப்படும் பழைய 970 சிசி ஜிப்ஸியின் பெட்டியில் 2.511. அதை எடுத்து இதில் போட்டால் மலையேற்றத்தில் வண்டி இன்னும் பத்து சதவீதம் சொச்சம் மெதுவாக, பலமாக ஊரும். நியாயம்தான். ஆனால் அதே பெட்டியில் ஹை விகிதமும் 1.409-லிருந்து 1.58-க்கு ஏறிவிடுகிறது. என்றைக்கோ வரப்போகிற ஒரு மலைக்காக, ஜிஎஸ்டி ரோட்டில் எடுக்கும்போதெல்லாம் இன்ஜின் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாகக் கத்த வேண்டும். இதை எடுத்துச் சொன்னால், "அந்தச் சத்தம்தான் சார் அழகு" என்று சொல்லிவிடுவார். மேற்கொண்டு பேச இடமில்லை.

410 பெட்டி வேண்டுமானால் புதுப்பேட்டைதான். கூவம் ஓரத்தில் அவர் நகைக்கடைக்குப் போன மாமியார் மாதிரி நடந்துகொள்வார். பிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவார். காதை வைத்துச் சுற்றுவார். மோப்பம் பிடிப்பார். கடைக்காரர் பீடியை எடுக்காமலே, "மிலிட்டரி ஆக்‌ஷன் பீஸ் சார். கை படாதது" என்பார். புதுப்பேட்டையில் விற்பதெல்லாம் மிலிட்டரி சாமான் என்றால், நம் ராணுவம் இத்தனை வருஷமும் பெட்டியில்லாத வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் எல்லைக்குப் போயிருக்க வேண்டும்.

பெட்டி கிண்டிக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஷாஃப்டையும் பிரிக்கும் முன் பாய் உளியால் பிளேஞ்சில் ஒரு கோடு போடுவார். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேராவிட்டால் வண்டி உதறும். நம்மவர் அந்தக் கோட்டை செல்போனில் போட்டோ எடுப்பார். மூன்று ஷாஃப்ட், முனைக்கு நான்கு போல்ட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள், நெம்புகோல், ரப்பர் மவுன்ட்டு. ஆயிலை வடித்தால் ஒரு லிட்டர்கூட வராது. வந்த கறுப்பில் விரலை விட்டு வெயிலில் காட்டுவார். வெள்ளிப் பொடி மின்னும்.

"பாய், பல்லு போயிருக்கு."

"போவாம? தார் ரோட்ல ஃபோர் வீல் போடாதீங்கன்னு எத்தினி தபா சொல்றது சார்?"

பாய் சொல்வது நிஜம். இந்த மாதிரி வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். பின் சக்கரங்கள் விடாது. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. முறுக்கு முழுவதும் பெட்டிக்குள் ஏறும், லீவர் சிக்கிக்கொள்ளும். கத்திபாரா மேம்பாலத்தின் வளைவில் மச்சானுக்கு ஃபோர் வீல் காட்டப் போய், லீவர் வராமல் நின்று, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, அவர் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து விடுவித்த கதையை மச்சான் எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறார்.

மாட்டி முடிந்ததும் பழைய பெட்டியைக் கடையிலே போடுவாரா? மாட்டார். "ஸ்பேர்." தினத்தந்தி விரித்து, ஃபிளாட் பால்கனியில், காலி சிலிண்டருக்குப் பக்கத்தில் வைப்பார். அங்கே முன்பே இரண்டு இருக்கின்றன.

"ஏங்க, துணி காயப்போட இடமில்ல. இதையாவது குடுத்துடுங்க."

"இனிமே கிடைக்காதும்மா."

"கிடைக்காததுலயே மூணு இருக்கு."

கொழுக்குமலைக்கு ஒரு முறை போய் வந்தார். சூரியநெல்லியிலிருந்து தேயிலைத் தோட்டத்து வழியாகக் கல்லும் குழியுமாக ஏறுகிற அந்தப் பாதைக்குத்தான் இத்தனை விகிதமும். வாடகை ஜீப்பில்தான் போனார்; சொந்த வண்டி அப்போது கிண்டியில் வயிறு திறந்து கிடந்தது. லுங்கியும் ரப்பர் செருப்புமாக இருந்த டிரைவர் லீவரைப் பார்க்காமலே ஒரு கையால் தட்டிவிட்டு, மறு கையால் பீடி பற்ற வைத்தாராம். "லோ ரேஷியோ எவ்வளவு?" என்று நம்மவர் கேட்டிருக்கிறார். "ஆளுக்கு இவ்ளோ சார்" என்று வாடகையைச் சொல்லியிருக்கிறார் டிரைவர்.

அவருக்கும் ஒரு பொற்காலம் உண்டு: 2015 டிசம்பர். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்கி, ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் மிதந்த நாட்களில் அவர் ஜிப்ஸி ஓடியது. பால் பாக்கெட்டு, மருந்து, ஒரு கர்ப்பிணி, இரண்டு தாத்தாக்கள், ஒரு பூனை. தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. அந்தத் தண்ணீரில் வண்டியைக் காப்பாற்றியது நான்கு சக்கர இழுவையைவிட வண்டியின் உயரம்தான். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் லாரியும் அதே தண்ணீரில் போயிற்று. இடுப்புக்கு மேல் ஏறிய இடங்களுக்குப் படகோடு வந்தவர்கள் மீனவர்கள். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் போவதில்லை, நள்ளிரவில் தூங்காமல் போய் அந்தத் தாத்தாக்களைத் தூக்கி வந்தவர் அவர்.

உங்கள் தெருவிலும் ஒரு ஃபோர் வீல் சார் இருப்பார். நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் கூப்பிட்டால் நடுராத்திரியும் வருவார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஏறி உட்கார்ந்ததும் 2.511 என்றால் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் இறங்க விட மாட்டார்.