குழியில் விழுந்தால் விருந்து

தென்கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முட்டிவலி வேறு. படியேறும்போது படிக்கொரு "ஐகூ" போடுவார். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே படிகளில் தடதடவென்று இறங்குவார். முட்டிக்கு அன்றைக்கு லீவு.

கொரியாவில் கோல்ஃபுக்கு மைதானம் கட்டாயமில்லை. கீழே கோழி வறுவல் கடை, மேலே பல் டாக்டர், நடுமாடியில் 'ஸ்கிரீன் கோல்ஃப்'. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இருட்டறை, சுவரை அடைத்த திரையில் பச்சைப்பசேலென்று புல்வெளி. பந்து தரைக்குள்ளிருந்து தானாக எழும்பி வந்து நிற்கிறது, குனிய வேண்டாம். காலடிப் பலகைகூடத் திரையிலுள்ள மேட்டுக்குத் தக்கபடி சாய்கிறது. ஒரு அம்மா அடிக்க, மற்ற மூவரும் கறுப்புக் குழம்பு ஊற்றிய ஜாஜாங்மியோன் நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே "நைஸ் ஷாட்!" என்று கத்துகிறார்கள். வாய் நிறைய நூடுல்ஸ் இருந்தாலும் கத்தியாக வேண்டும், அதுதான் மரியாதை.

இந்தத் திரை ஆட்டத்தை நாடெங்கும் பரப்பிய கோல்ஃப்ஜோன் கம்பெனி 2000-இல் தொடங்கியது இதே ஊரில்தான். இந்த ஊரின் இன்னொரு உபயம் கோல்ஃப் வீராங்கனை பாக் சே-ரி.

1998. நாடு ஐ.எம்.எஃப். கடனில் மூழ்கி, கடனை அடைக்கச் சனங்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்த வருஷம். அமெரிக்காவின் விஸ்கான்சினில், பெண்கள் ஓபன் பட்டத்துக்கான கூடுதல் ஆட்டத்தில், 20 வயது சே-ரியின் பந்து குளக்கரையில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றித் தண்ணீரில் இறங்கி அடித்தார். 18 குழிகள் முடிந்தும் சமநிலை. மேலும் 2 ஆடித்தான் ஜெயித்தார். அகாலத்தில் கண்விழித்து டி.வி. பார்த்த கொரியா கண்டது, வெயிலில் கறுத்த கால்களும் சாக்ஸுக்குள்ளிருந்த வெளேரென்ற பாதங்களும். அழுது தீர்த்த பிறகு நாடு இரண்டு பாடம் கற்றது என்பது என் ஆராய்ச்சி. ஒன்று, பெண்பிள்ளை கையில் கோல்ஃப் மட்டையைக் கொடு. இரண்டு, வெயிலில் நிற்பதென்றால் மூடிக்கொண்டு நில்.

முதல் பாடத்துக்குப் பலன் அமோகம். 2008 முதல் 2020 வரை 13 தடவை நடந்த அந்த அமெரிக்க ஓபனில் 9 தடவை ஜெயித்தது கொரியப் பெண்கள். ஆளும் பெருகி, பெயருக்கும் பஞ்சம் வந்துவிட்டது. லீ ஜியோங்-உன் என்ற பெயரில் கொரியப் பெண்கள் கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்த ஆறாவது வீராங்கனைக்குப் பெயரோடு 6 என்று எண்ணே போட்டுவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், அமெரிக்காவுக்கும் அந்த 6-ஐயே எடுத்துப்போய் 2019 ஓபனை வென்றார். மற்ற ஐந்து பேரின் வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்களோ!

இரண்டாவது பாடத்தை வீட்டுக்கார அம்மா கரைத்துக் குடித்தவர். நிஜ மைதானத்துக்குக் கிளம்பினால் அகலத் தொப்பி, முகமூடி, கைக்கு உறை, கன்னத்தில் வெயில் தடுக்கும் ஒட்டுப்பட்டை என்று தேனெடுக்கப் போகிறவர் மாதிரிதான் புறப்படுவார். அத்தனைக்குள்ளும் பாவாடையும் சட்டையும் ஒரே ஜோடி நிறம். போன வாரம் போட்டதை இந்த வாரம் போடக்கூடாதாம், போட்டோவில் தெரிந்துவிடுமாம். இந்த மூட்டைக்குள் இருப்பது யாரென்று எந்த போட்டோ சொல்லும் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்சூரன்ஸ்தான். ஒரே அடியில் பந்து குழிக்குள் போய்விட்டால், அடித்தவர் பாடு திண்டாட்டம். கூட ஆடியவர்களுக்கு விருந்து, பரிசு, மைதானத்தில் நினைவுக்கு மரம் நடுவது எல்லாம் அவர் தலையில். அதற்காகவே பாலிசி விற்கிறார்கள். சில புத்திசாலிகள் விருந்துக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு, உடனே ரத்துசெய்து, ரசீதை மட்டும் கம்பெனிக்கு அனுப்பி, விஷயம் போலீஸ்வரை போயிருக்கிறது.

நம் அம்மா நேர்மையானவர். பாலிசி கையில் இருக்கிறது. எந்தக் கடையில் மாட்டிறைச்சி விருந்து என்பது முடிவாகி, எனக்கும் அழைப்பு வந்தாயிற்று.

"நான் இறைச்சி சாப்பிடமாட்டேனே அம்மா" என்றேன்.

"உனக்குத் தனியாக டோஃபு சொல்லிவிடுகிறேன்" என்று போனில் குறித்துக்கொண்டார்.

பந்துதான் இன்னும் ஒத்துழைக்கவில்லை.