இன்னும் காயவில்லை

தன் சொந்த வீட்டின் முகப்பிலிருந்து அதே வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர, உச்சி வெயிலில் வீதியில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வீதியை அடைந்து, பின்வாசற் கதவைத் தட்டி, "யாரது?" என்று உள்ளிருந்து வந்த அதட்டலுக்குத் தன் பெயரையும் அந்த வீட்டில் தனக்குள்ள பாத்தியதையையும் எடுத்துரைத்து, அதன் பின்னரே உள்ளே பிரவேசிக்கும் பாக்கியம் உலகில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்குமோ அறியேன், கண்டரமாணிக்கத்தில் சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு வாய்த்தது. நேர்வழி இல்லாமல் இல்லை. வளவைக் கடந்தால் நாலு எட்டில் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த வளவில், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திறங்கியிருந்த பெண்மக்கள், என் பேத்தியின் தலைமையில், தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து, கால்களை நடைபாதையில் நீட்டி, விரலிடுக்குகளில் பஞ்சைச் செருகிக்கொண்டு வீற்றிருந்தார்கள். நான் நிலைப்படியில் ஒரு காலை வைத்ததுதான் தாமதம், "ஐயா, இந்தப் பக்கம் வராதீங்க! இன்னும் காயலை!" என்று ஏககாலத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. என் மூக்குக் கண்ணாடியோ இரண்டாம் கட்டில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் நகங்களை மிதிக்காது நடக்க முடியாது; வளவில் நடக்காமல் கண்ணாடியை எடுக்க முடியாது. ஆகவே வீதி.

உங்கள் வீட்டிலும் நடக்கிற வைபவந்தான் என்பதால் இதை நான் மேலும் வர்ணித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. இந்தக் கலையின்மீது எனக்கு யாதொரு துவேஷமும் கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். சொல்லப்போனால், பல விடுமுறைக் காலங்களில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கூர்ந்து கவனித்து வந்ததன் பயனாக, கால் நகத்தில் சித்திரம் எழுதும் வித்தையின் சகல சூட்சுமங்களும் எனக்கு மனப்பாடமாகியிருக்கின்றன. தர்ப்பூசணித் துண்டு, புள்ளி வண்டு, தாயக்கட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்டது, எங்கள் வளவுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ. சாண் அகலத்துக்கு விரிந்திருக்கும் அந்தப் பூவைப் பெருவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கி எழுதுவது மிகவும் ரஸமான காரியம். அதற்கு வேண்டிய உபகரணங்களும் எல்லார் வீட்டிலும் இருப்பவையே. அந்த முறையை வாசகர்களுக்கு விளக்குவது ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பாதத்துக்கு வண்ணம் தீட்டுவது நமக்குப் புதிதன்று. காவிய நாயகிகள் செம்பஞ்சுக் குழம்பு பூசாமல் பூமியில் அடியெடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பைக் கூட்டினால் உண்டாகும் சிவப்பினால் பாதத்தின் ஓரங்களுக்கு நலங்கிடுவது இன்றும் நடக்கிறது. மருதாணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆடி மாதத்து இரவில் அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி வைத்துவிட்டால், தோலில் பிடித்த சிவப்புச் சில வாரங்களில் அகன்றுவிடும். நகத்தில் ஏறிய சிவப்போ நகம் வளர்ந்து வெட்டுப்பட்டாலன்றி அகலாது. கால் பெருவிரல் நகம் அடியோடு மாறுவதற்கு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை ஆகிறபடியால், ஓர் ஆடியில் இட்டுக்கொண்டது அடுத்த ஆடியிலும் நகத்தின் நுனியில் மிச்சமிருக்கும். இப்படி வருஷத்துக்கு ஒருமுறை உபத்திரவத்தோடு போயிருந்த விஷயத்தில், நார்தம் வாரன் என்ற அமெரிக்கர் 1911-ஆம் ஆண்டில் தலையிட்டார். நகத்தோரத் தோலை அகற்றும் திரவத்தோடு அவர் தொடங்கிய வியாபாரந்தான் கியூட்டெக்ஸ். அதன்பின் 1952-இல் டாட்டா நிறுவனத்தார் லக்மேயைத் தொடங்கி, இந்தியாவிலேயே புட்டிகளைச் செய்து கொடுத்தார்கள். எந்தக் கம்பெனியாரின் புட்டியாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கியூட்டெக்ஸ் என்பதில் மாற்றமில்லை.

கால் நகத்துக்கு இந்த நாட்டில் உள்ள அந்தஸ்து குளிர்தேசங்களில் இருக்க நியாயமில்லை. அங்கே அது காலுறைக்குள் மறைந்து வாழ்கிறது. இங்கோ வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். அதற்குமேல் நம் பத்து விரல்களும் பொதுச்சொத்து. எங்கள் பக்கத்திலோ நல்லது நடந்தாலும், ஊருக்குப் புறப்பட்டாலும், ஊரிலிருந்து வந்தாலும், வயதில் சிறியவர்கள் பெரியவர்களை விழுந்து கும்பிடுவது வழக்கம். விழுந்து கும்பிடுகிறவன் நெற்றி தரையில் படும்போது அவன் கண்ணெதிரே இருப்பது எது? பெரியவருடைய கால்விரல். ஆகவே தர்க்க ரீதியாகப் பார்த்தால், நகத்தில் பூ எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் என்னைப் போன்ற கிழவர்களே தவிர, கும்பிட்டு எழுந்திருக்கும்போது முதுகை மட்டும் காட்டுகிற குமரிகள் அல்லர். இந்த வாதத்தை நான் வளவில் எடுத்துரைத்தபோது அதற்கு எவரும் ஆக்ஷேபணை சொல்லவில்லை. எவருக்கும் காதில் விழவுமில்லை.

இனி முறைக்கு வருவோம். நகங்களை வெட்டி, வெந்நீரில் சற்று நேரம் காலை வைத்துக் கழுவித் துடைத்து, பழைய வண்ணத்தையும் எண்ணெய்ப் பசையையும் ரிமூவரில் நனைத்த பஞ்சினால் போக்கிவிட வேண்டும். அந்த ரிமூவரின் வாடை சமையற்கட்டுவரை சென்று, வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டி வைத்திருந்த மாவைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியது ஒரு தனிக் கதை. பிறகு விரல்களைப் பஞ்சால் பிரிக்க வேண்டும். புள்ளி வைக்க ஊக்கின் தலை, கோடு இழுக்கப் பல் குத்தும் குச்சி, நேர்கோட்டுக்குச் செல்லோ டேப், இவ்வளவுதான் ஆயுதசாலை. சித்திரம் பெருவிரலுக்கு மட்டும்; மற்ற விரல்களுக்குத் துணைப்புள்ளிகள். சுண்டுவிரலைப் பொறுத்தமட்டில், அங்கே நகம் இருக்கிறது என்பது ஓர் ஐதிகமே ஆதலால், உத்தேசமாக ஒரு பொட்டு வைத்தால் போதும். எதற்கும் முன்னதாக நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று பூசி, அது காய்வதற்கு விட வேண்டும்.

இங்கேதான் நாம் சற்றுத் தங்க வேண்டியிருக்கிறது. காய்வது என்றால் என்ன? புட்டியிலிருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் முதலிய திரவங்கள் கரைத்து வைத்திருக்கின்றன. அந்தத் திரவங்கள் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் மெல்லிய ஏடுதான் நகப்பூச்சு. மேற்பரப்புச் சில நிமிஷங்களில் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டுக்கொண்ட திரவமோ வெளியேற வழியின்றித் தவிக்கிறபடியால், அடிவரையில் இறுகுவதற்கு மணிக்கணக்காகும். கனமாகப் பூசினால் கேட்கவே வேண்டாம். இதே நைட்ரோசெல்லுலோஸைத்தான், மோட்டார் வண்டிக்குப் பூசிய வண்ணம் காய வாரக்கணக்கில் ஆகிறதே என்று கவலையுற்ற அமெரிக்கர்கள் 1920-களில் 'டூக்கோ' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள்; வண்டிகள் மணிக்கணக்கில் காய்ந்து விற்பனைக்குப் போயின. ஆனால் வண்டி நிறுத்திய இடத்தில் நின்று காய்ந்தது. காய்ந்துகொண்டிருக்கையில், "எனக்கு ஒரு டம்ளர் மோர்" என்று அது கேட்கவில்லை.

நகம் கேட்கிறது. காயாத நகத்தையுடைய பெண்ணால் எழுந்திருக்க இயலாது. எழுந்திருக்க இயலாதவளுக்குத் தாகம் எடுக்கிறது. தாகம் தீர்ந்தால் பசி. பசி ஆறினால் மணி ஒலிக்கிற செல்போன், அதுவோ முகப்பில் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தால் அதன் சார்ஜரும் வேண்டியிருக்கிறது. அவள் முழங்காலில் கொசு உட்கார்ந்தால் அதை விரட்டுவதற்கு ஒரு சிறுவன் நியமிக்கப்படுகிறான். மின்விசிறியைச் சுழல விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும் என்று கிழக்குப் பத்தி சொல்கிறது. சுழல விடாவிட்டால் காயாது என்று மேற்குப் பத்தி சொல்கிறது. இந்த விவகாரம் தீரும்வரை விசைக்கு அருகில் ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வளவைப் பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டாள். நடுவீட்டுக் கோலம் போட மாவு கரைத்து வைத்திருந்த அம்மாள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதில் மாவு அடியில் தங்கிவிட்டது. பந்தற்காரனுக்குப் பணம் கொடுக்கப் பெட்டகசாலையைத் திறக்க வேண்டும். திறக்கப் போகிறவர் வளவைக் கடக்க வேண்டும். ஆகவே பந்தற்காரனும் திண்ணையில் உட்கார்ந்து ஆத்தங்குடிப் பூ காய்வதற்காகக் காத்திருந்தான். அவனுக்கும் மோர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வீட்டில் இதற்குமுன் எதுவுமே காய்ந்ததில்லையா என்று நான் கேட்கிறேன். இதன் சுவர்கள், சுண்ணாம்பை நாட்கணக்கில் அரைத்து, முட்டை வெண்கருவைச் சேர்த்து, பூச்சின்மேல் பூச்சாகப் பூசி இழைத்தவை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்த பூச்சு. அந்தச் சுவர்கள் காயும்போது யாரையும் ஏவவில்லை. என் அப்பத்தாவின் அரக்குப் பெட்டி ஒன்று பர்மாவிலிருந்து வந்தது. பகான் நகரத்து அரக்கு வேலையில், மரத்துப் பாலை ஒரு பூச்சுப் பூசி, நிலவறையில் ஒரு வாரம்போல் வைத்து, எடுத்துத் தேய்த்து, மறு பூச்சுப் பூசி, இப்படியே மாதக்கணக்கில் ஆகும் என்பார்கள். அத்தனை மாதமும் அந்தப் பெட்டிக்கு எவரும் சோறு ஊட்டியதாகத் தகவல் இல்லை. இந்தப் பெண்கள் காலடியில் கிடக்கிற ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அறையறையாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, சட்டத்தைத் தூக்கிவிட்டு, முதுகில் சாந்து பூசி, தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவிட்டு, பிறகு எடுத்து உலர்த்துகிறார்கள். அசல் பூவே யாருக்கும் தொந்தரவில்லாமல் காய்ந்திருக்கும்போது நகலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? மெத்தையில் காய்ந்த வடகத்துக்கு மட்டும் காக்கை விரட்ட ஆள் வைத்தோம், மெய்தான். ஆனால் வடகத்தை நாங்கள் பிற்பாடு வறுத்துத் தின்றோம்.

இந்தக் கேள்விகளை நான் சற்று உரத்த குரலில் கேட்டுவிட்டேன் போலும். இரண்டாம் கட்டிலிருந்து என் இல்லாள் சொன்னாள்: "நகத்துலே ஒண்ணும் பூசிக்காமலே கல்யாணமான நாள்தொட்டு நீங்க அந்தச் சாய்வு நாற்காலியிலே காஞ்சுக்கிட்டுத்தான் இருக்கீக. காப்பி, பேப்பர், வெத்தலைப் பெட்டி எல்லாம் நடந்து வந்துச்சா? நான்தானே கொண்டாந்தேன்?" வளவில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. இதற்கு நான் மறுமொழி கூறவில்லை. பிரஸ்தாப விஷயம் நகப்பூச்சு, நாற்காலி அன்று.

சரி, காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காய்ந்தது என்று எப்படித் தெரியும்? தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டால், காயாதிருந்த இடத்தில் விரல்ரேகை பதிந்து, பத்திர ஆபீஸில் வைத்த கைநாட்டு மாதிரி நிரந்தரமாகிவிடுகிறது. உடனே அந்த நகத்தை மட்டும் அழித்து, மறுபடி அடிப்பூச்சிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற ஒன்பதும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். சும்மா இருந்தால் தானே காய்ந்துவிடும் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொள்வது மனித சுபாவம். ஒருத்தி தொட்டதைப் பார்த்து இன்னொருத்தியும் தொட்டுப் பார்த்தது எந்த சுபாவம் என்று எனக்குப் புலப்படவில்லை. அடிப்பூச்சுக்குமேல் இரண்டு மெல்லிய வண்ணப்பூச்சு, அதன்மேல் பூ, பூவின்மேல் பளபளக்கும் மேற்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காய்தல், ஒரு தொடுதல், ஓர் அழுகை, ஒரு டம்ளர் மோர். வளவைக் கடக்கலாம் என்று உத்தரவு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

மறுநாள் கல்யாணம். அத்தனை பெண்களும் காஞ்சிபுரம் பட்டுடுத்தி வந்தார்கள்; பட்டின் கரை தரையைத் துழாவிக்கொண்டு வந்தது. பாதம் என்ற அவயவம் அவர்களுக்கு இருந்ததற்கு வெளிப்படையான அத்தாட்சி ஏதும் இல்லை. புகைப்படக்காரன் எல்லாரையும் முழங்காலோடு நிறுத்திவிட்டான். அந்த மண்டபத்தில் மறைவின்றித் தென்பட்ட கால்விரல்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரித்த எங்களைப் போன்ற கிழவர்களுடையவைதாம். காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து அவற்றின் எதிரே விழுந்து எழுந்தார்கள். அந்த நகங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆத்தங்குடிப் பூவை எழுதும் முறையைச் சொல்வதாக நான் வாக்களித்தது நினைவிருக்கிறது. சொற்களால் மட்டும் விளக்கினால் விளங்காது, ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டே அளவுகளைச் சொல்லலாம் என்று, அவர்கள் ஊருக்குப் போனபின் ஜன்னல் மாடத்தில் விட்டுப்போயிருந்த பழைய புட்டிகளை எடுத்தேன். போன தீபாவளிக்கு வந்தவை, அதற்கு முந்திய கோடை விடுமுறைக்கு வந்தவை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு படையே இருந்தது. நகத்தின்மேல் காற்றும் வெளிச்சமும் பட்டு ஒரு பகல் முழுவதும் காய மறுத்த அதே சரக்கு, மூடிய புட்டிக்குள் யாரும் ஏவாமலே காய்ந்து, அடியில் கல்லாக உட்கார்ந்திருந்தது. மூடிகளும் கழுத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்ததில் என் வலக்கைக் கட்டைவிரல் நகம் பிளந்ததுதான் மிச்சம்.