மரத்துக்கு ஒரு பேரு

ஏலே மருமவனே, "ஜெபிக்க நேரமே இல்ல மாமா"ன்னு எவ்வளவு நேரமா எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன்னு தெரியுமா? காப்பி ஆறி ஆடை கட்டிட்டு. இந்த நேரத்துல நம்ம தெரு மொத்தத்துக்கும் ஜெபிச்சு முடிச்சிருக்கலாம். நம்ம சபை ஐயர் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தைச் சுருக்கமா முடிக்கணும்னு மேற்கொண்டு ஒரு விண்ணப்பமும் போட்டிருக்கலாம்.

பட்டணத்து வேலையில நேரம் கிடையாது, ஒத்துக்கிடுதேன். ஆனா செல்லுல அந்தக் கும்பிடுத கை பொம்மையை அனுப்ப மட்டும் எப்படியோ நேரம் வந்திருது. வாட்ஸ்அப்புல ஒருத்தரு ஆஸ்பத்திரியில கிடக்காருன்னு சேதி வந்தா, முதக் கும்பிடு உன் கும்பிடுதான். கூடவே "ஜெபிச்சுக்கிடுதேன்"னு ஒரு வரி. அதோட சரி. கும்பிட்டது உன் பெருவிரலுதானலே? ஜெபிக்கேன்னு சொல்லிட்டு ஜெபிக்காம விடுதது பொய்க்கணக்குல சேருமா சேராதான்னு ஞாயிறு பள்ளிப் பிள்ளையள்ட்ட கேட்டுப் பாரு. எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு.

உங்க தாத்தாவுக்கு மட்டும் நேரம் கொட்டியா கிடந்துது? பாளை விட ஆரம்பிச்சா பனையேறிக்கு லீவுங்கதே கிடையாது. ஆளுக்கு 30, 40 மரம். காலையில ஒருக்கா ஏறணும், சாயந்தரம் ஒருக்கா ஏறணும். பாளையைச் சீவாம விட்டா வடியாது. கலயத்துல சுண்ணாம்பு தடவ மறந்தா பதநீ கள்ளாப் போவும், பொறவு சபைக் கமிட்டிக்குப் பதில் சொல்லணும். இத்தனைக்கும் நடுவுலதான் அந்த மனுசன் ஊருக்கே ஜெபிச்சார்.

எப்படின்னு கேளு. மரத்துக்கு ஒரு பேரு வச்சிருந்தார். தூர்ல நின்னு தளைநாரைக் கால்ல மாட்டுவார்லா, அந்த நேரந்தான் ஜெப நேரம். "ஆண்டவரே, கொழும்புக்குப் போனவன் கடுதாசி போடல, அவனைப் பாத்துக்கிடும்." முடிஞ்சுது, ஏறிருவார். அடுத்த மரம், "இவளுக்கு இது தலைப்பிரசவம், கூட இரும்." ஏறிருவார். மேல போனா ஜெபம் கிடையாது. பாளைக்கு முன்னால கண்ணை மூடுனா அருவா விரலைத்தான் சீவும். வேலை பாக்கவேண்டிய நேரத்துல ஜெபிச்சு வேலையைக் கெடுத்தா, சம்பளம் கொடுக்கவன்ட்டத் திருடுத மாதிரிம்பார்.

தெக்கோரத்துல ஒரு மரம் உண்டு. சருவும் கருக்கும் உரசி நெஞ்சைப் பிராண்டிரும். அந்த மரத்துக்கு அடுத்த விளைக்காரன் பேரை வச்சிருந்தார். எல்லைத் தகராறுல கோர்ட்டுக்கு இழுத்தடிச்சானே, அவந்தான். "ஏம்ப்பா, அந்த ஆளுக்குப் போயி இந்த மரத்தைக் கொடுத்திய?"ன்னு கேட்டேன். "ரெண்டும் எப்படியும் வலிக்கத்தான் போவுது, ஒண்ணா முடிச்சிரலாம்லா"ன்னார். உன் மேனேஜருக்கும் அப்படி ஒரு மரம் பாரு. அவனைத் திட்டுத நேரத்தைக் கணக்குப் போட்டா நீ பெரிய ஜெபவீரனா ஆயிரலாம். பேரு ஏற்கெனவே வாயில இருக்கு, பொறவு என்ன கஷ்டம்?

உனக்குப் பனை இல்லைன்னு சொல்லாதே. உன் வீட்டுல வந்து தங்கியிருந்தப்ப பாத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தா ஒரு வட்டம் சுத்து சுத்துன்னு சுத்துது, நீ அதையே பாத்துக்கிட்டுப் பல்லைக் கடிக்கே. லிப்டுக்கு நிக்கே. சிகப்பு விளக்குல நிக்கே. மீட்டிங்குன்னு உக்காந்தா "கேக்குதா, நான் பேசுதது கேக்குதா"ன்னே பாதி நேரம் போவுது. இத்தனை தூர் இருக்கு, தளைநாரைத்தான் காணோம்.

வேதத்துல நெகேமியாவைப் படிச்சியா? பாரசீக ராசாவுக்குப் பானபாத்திரக்காரன். ஊர்ல எருசலேம் மதிலு இடிஞ்சு கிடக்கு, இவன் அரமனையில திராட்சரசம் ஊத்திக்கிட்டு நிக்கான். அர்தசஷ்டா ராசா மூஞ்சியப் பாத்து, "உனக்கு என்னடே வேணும்?"ங்காரு. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஜெபிச்சிட்டான். பாய் விரிக்கல, முழங்கால் போடல, உனக்கு ஒரு கொட்டாவி விட ஆவுத நேரம் கூட ஆயிருக்காது. இத்தனைக்கும் அவன் மேனேஜர் தலையையே வெட்டக்கூடிய மேனேஜர். உன் ஆளு சம்பள உயர்வைத்தான வெட்டுதான்? ஆனா ஒண்ணு சொல்லிப்புடுதேன், அதுக்கு முன்னால நாள்கணக்குல அழுது உபவாசம் இருந்தவன் அவன். அதனாலதான் அந்த நொடியில வாய்க்கு வந்துது. வீட்டுல ஒரு நாளும் கண்ணை மூடாதவனுக்கு லிப்டுல என்ன வரும்? தூக்கந்தான் வரும்.

ஆபிரகாம் சோதோமுக்காக 50 நீதிமான்ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் பேரம் பேசினானே, அதையும் நினைச்சுக்கோ. கெட்டுக் குட்டிச்சுவராப் போன ஊருக்காகப் பேசினான்லே. உனக்குப் புரமோஷன் கேட்டு நீ பேசுத பேச்சுல பத்துல ஒண்ணை அடுத்தவனுக்குப் பேசுனாப் போதும்.

ஆச்சி கதை வேற. அவளுக்கு அடுப்புதான் எல்லாம். விடிலியில பதநீ கொதிச்சுப் பாகு பதத்துக்கு வார வரைக்கும் கிண்டிக்கிட்டே நிக்கணும். கண்ணுல புகை, முதுகுல வெயிலு. சிரட்டையில ஊத்துதப்போ உதடு மட்டும் அசையும். கருப்பட்டியை எண்ணுதாளா, பிள்ளையளை எண்ணுதாளான்னு எங்களுக்கே தெரியாது. சோறு பொங்கும்போது அரிசியில ஒரு பிடியை அள்ளித் தனிப்பானையில போட்டுருவா. அது கோயிலுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கை. பிடிக்கு ஒரு பேரு சொல்லித்தான் போடுவா.

இந்த மாதிரிக் காணிக்கையை நம்பித்தான் நம்ம திருநெவேலி ஆளுக 1903ல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க. நம்ம காசு, நம்ம ஆளு, வெள்ளைக்காரனை எதிர்பாக்கக் கூடாதுன்னு. அதுல முன்னால நின்னவரு வெள்ளாளன்விளை அசரியா. பொறவு தெலுங்குச் சீமைக்குப் போயி, 1912ல தோர்ணக்கல்லுக்குப் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில இந்தியர் ஒருத்தர் பேராயர் ஆனது அதுதான் முதல் தடவை. அது பொஸ்தகத்துல நிக்கி. உலையில ஒரு பிடி குறைச்சுப் பொங்கினவ பேரு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு? எங்க வீட்டுல அந்த ஒரு பிடி குறைஞ்சது முதல்ல தெரியுதது எனக்குத்தான். நான் கடைசிப் பிள்ளைல்லா, பானை எங்கிட்ட வரும்போது அடிதான் தெரியும். அதனால அந்த ஊழியத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு ஐயர்ட்டச் சொல்லிப் பாத்தேன், சிரிச்சாரே ஒழிய ரிப்போர்ட்டுல போடல.

இன்னொரு சங்கதி. ஜெபக்குறிப்புன்னு பேரு வச்சு வம்பு வளக்காதே. "அந்த வீட்டுப் பிள்ளைக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும், விசயத்தை வெளிய சொல்லக்கூடாது"ன்னு ஆரம்பிச்சு, அரை மணி நேரம் விசயத்தை மட்டும் சொல்லிட்டு, கடைசியில ஜெபிக்க மறந்து எந்திரிச்சுப் போறவங்களை நான் பாத்திருக்கேன். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்லே. பேரு போதும்.

கையால ஆவுதது இருந்தா அதை மேல தள்ளிவிடாதே. நேத்து வடக்குத் தெரு அத்தையைப் பத்திப் பேசும்போது, "பாவம், தனியா இருக்காவ, ஜெபிச்சுக்கிடுதேன்"னியே. ஜெபிச்சியா? முழிக்காதே. அவ வீடு இங்க இருந்து நாலாவது வீடு. இந்தா, ரெண்டு கருப்பட்டி, ஓலைக் கொட்டான்ல போட்டிருக்கேன். கொண்டு குடுத்துட்டு, கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வா. செல்லை இங்கனயே வச்சிட்டுப் போ. வழியில வேணும்னா அவ பேரைச் சொல்லி ஜெபிச்சுக்கோ, ஆனா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு நட, வாய்க்கா மேல போட்ட பலகை ஒண்ணு உடைஞ்சு கிடக்கு.