படம் மட்டும் விற்கப்படும்

பிளாஸ்டிக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக் கார், லாரி, ரயில் எஞ்சின் என்று செய்யும் விளையாட்டில் இன்றைக்கு ஒரு விசித்திரமான வியாபாரம் நடக்கிறது. லெகோ கட்டிகளை வைத்து ஒருவர் சொந்த மூளையில் ஒரு அம்பாசிடர் காரை உருவாக்குவார். காரை விற்கமாட்டார். கட்டிகளையும் விற்கமாட்டார். எதன்மேல் எதை வைக்க வேண்டும் என்று படிப்படியாகக் காட்டும் படங்களை மட்டும் விற்பார். காசு கொடுத்தவர் கட்டிகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து, தரையில் பரப்பி, முழங்கால் தேய உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டியது. “வெறும் படத்துக்கா காசு?” என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இராமநாதபுரம் மாவட்டக்காரர்கள் கேட்கக்கூடாது. இராமேசுவரத்துக்கு ரயில் போனதே அப்படி வாங்கிய ஒரு படத்தை நம்பித்தான்.

அந்தக் கதைக்கு முன், இராமனுக்காகக் கடலில் பாலம் கட்டிய வானரன் நளனுக்கு வணக்கம் வைத்துவிட வேண்டும். சேதுக்கரையில் எந்தக் கட்டுமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். வால்மீகி சொல்கிறபடி, படையில் இப்படி ஒரு நிபுணன் இருப்பதே இராமனுக்குத் தெரியாது, சமுத்திரராஜன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனப்பா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிறார் நளன். பொதுப்பணித் துறையில் இன்றுவரை செல்லுபடியாகும் பதில். விசுவகர்மாவின் பிள்ளை என்பதால் வரைபடம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. முதல் நாள் 14 யோசனை தூரம், அடுத்த நாள் 20, பிறகு 21, 22, 23. ஆக, ஐந்து நாளில் 100 யோசனை. நாளாக ஆக வேகம் கூடிக்கொண்டே போன அரசாங்க வேலை இந்தியாவில் அது ஒன்றுதான் இருக்க முடியும். வானரங்கள் மலையைப் பெயர்த்து வர, சிலர் மட்டும் அளவுநூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். மேற்பார்வைப் பதவிக்கு அவ்வளவு வயது.

நளன் செய்த ஒரே தப்பு, படத்தை யாருக்கும் விற்காமல் போனது. அதனால்தான் இன்றைக்கு இராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கும் கல்லைக் காட்டுகிறார்கள், உண்டியலும் பக்கத்தில் இருக்கிறது, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

அவருக்குப் பிறகு இந்தக் கரையின் சொந்த வாகனம் கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கடலுக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் துண்டு துண்டாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மறுபடி போகும்போது மறுபடி கட்டு. கழற்றி மாட்டும் வாகனம் என்று டென்மார்க் லெகோக்காரர்கள் 1958இல் பிளாஸ்டிக் கட்டிக்குக் காப்புரிமைக்கு ஓடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே அது சாதாரணக் காலை வேலை. இதற்கும் படம் கிடையாது. அப்பன் கட்டுவதைப் பையன் பார்ப்பான். முடிச்சைத் தப்பாகப் போட்டால் முதுகில் ஒன்று விழும். அடுத்த பக்கத்தைப் புரட்டுவது அப்படித்தான்.

இப்போது சிகாகோவுக்குப் போவோம். இராமநாதபுரத்திலிருந்து சிகாகோவுக்குப் போவது அந்தக் காலத்தில் ஒன்றும் புதிதில்லை. 1893இல் விவேகானந்தர் அங்கே சர்வசமயப் பேரவைக்குப் போகத் தூண்டியவர்களில் முக்கியமானவர் இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. செப்டம்பரில் சுவாமி பேசி ஊரையே மயக்கினார். 1897 ஜனவரி 26 அன்று இலங்கை வழியாகப் பாம்பனில் வந்து இறங்கியபோது அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள், ராஜாவும் சேர்ந்து இழுத்தார். வாகன வடிவமைப்பில் இது ஒரு துணிச்சலான மாற்றம். எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஜமீன்தாரைப் பூட்டுவது எந்தக் கையேட்டிலும் இல்லை.

சுவாமி பேசிய அதே 1893இல், அதே சிகாகோவில், வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். கப்பல் வந்தால் தூக்கி வழிவிடும் பாலம் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். காப்புரிமைப் பத்திரம் டிசம்பரில், அவர் போனபிறகு வந்து சேர்ந்தது. தூக்குப் பாலங்கள் அதுவரை பெரும்பாலும் அச்சில் மாட்டிய கதவாகத் திறந்தன. ஷெர்சர் அச்சைத் தூக்கி எறிந்தார். பாலத்தின் பின்பகுதியைச் சக்கரத்தின் கால்வாசி அளவுக்கு வளைத்து, தட்டையான தடத்தின்மேல் உட்கார வைத்து, வால்பக்கம் எதிர்எடையை ஏற்றினார். தாத்தா சாய்ந்தாடும் நாற்காலியில் பின்னால் சாய்கிறபோது கால் மேலே எழுகிறதே, அதேதான். எதிர்எடை சரியாக இருந்தால் தாத்தாவைச் சாய்க்கப் பேரன் போதும்.

தம்பி ஆல்பர்ட் கடையை எடுத்து நடத்தினார். ‘ஷெர்சர் ரோலிங் லிஃப்ட் பிரிட்ஜ் கம்பெனி’ என்று பெயர்ப்பலகையில் ஊர்ப்பட்ட பிரிட்ஜ் இருந்தாலும், கம்பெனி விற்றது வடிவமைப்பும் காப்புரிமையைப் பயன்படுத்தும் அனுமதியும். இரும்பு உன் பாடு, ஆள் உன் பாடு, கடல் உன் பாடு. பாம்பன் மீனவர் ஒருவர் அந்தக் கம்பெனி ஆளைச் சந்தித்திருந்தால் பேச்சு இப்படிப் போயிருக்கும்:

“என்ன விக்கிறீக?”

“பாலம்.”

“எங்கனக்குள்ள இருக்கு?”

“இந்தக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறேன்.”

“ஏறி நடக்கலாமா?”

“முதலில் கட்ட வேண்டும்.”

“யாரு கட்டுறது?”

“நீங்கள்தான்.”

“அப்பறம் எதுக்குய்யா ஒனக்குத் துட்டு?”

நல்ல வேளை, தென்னிந்திய ரயில்வேக்காரர்கள் இதையெல்லாம் கேட்கவில்லை, வாங்கிவிட்டார்கள். இந்தத் தொழிலில் படத்தைத் திருடினால் என்ன ஆகும் என்பதையும் சிகாகோவே காட்டியது. ஷெர்சரின் போட்டியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், என் காப்புரிமையைச் சுருட்டிவிட்டீர்கள் என்று சிகாகோ மாநகராட்சி மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார். பின்னாளில் கோல்டன் கேட் பாலத்துக்குத் தலைமைப் பொறியாளரானவர் அவர்தான்.

இராமேசுவரம் தீவுக்கு ரயில் போக, 1911 ஆகஸ்டில் பாம்பனில் பாலத்தின் வேலை ஆரம்பித்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பு லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் தன் பையன்களுக்காக ஓட்டை போட்ட தகரப் பட்டைகளையும் போல்ட்டு நட்டையும் வைத்து விளையாட்டுச் சாமான் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். அதுதான் பிறகு மெக்கானோ ஆனது. பெட்டியோடு படப் புத்தகமும் வரும், சின்னப் பையன்கள் அதைப் பார்த்துப் பாலமும் கிரேனும் பூட்டுவார்கள். அந்தப் பையன்களின் அப்பாக்கள் வயதுள்ளவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு பாம்பனில் செய்ததும் அதேதான், பெட்டி மட்டும் கொஞ்சம் பெரிசு. நாற்பதடி நாற்பதடியாக 145 கர்டர்கள், எல்லாம் ஒரே அச்சு. மொத்த நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஷெர்சர் தூக்கு. அதன் இரும்பை இங்கிலாந்தில் தார்னபி என்ற ஊரில் ஹெட் ரைட்சன் கம்பெனி அடித்து அனுப்பியது. படம் சிகாகோ, இரும்பு இங்கிலாந்து, வேர்வை உள்ளூர்.

1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறந்தது. அதுவரை கொழும்புக்குப் போக விரும்பும் சென்னைவாசி தூத்துக்குடிக்கு ரயிலேறி, அங்கிருந்து ஒரு நீண்ட கடல் பயணத்தில் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இனி எழும்பூரில் ஒரே டிக்கெட்: ரயிலில் தனுஷ்கோடி, நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. போட் மெயில் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் பாதி ரயிலும் பாதி கப்பலுமாக ஒட்டிய வாகனத்தை எந்தப் பொம்மைக் கம்பெனியும் இதுவரை பெட்டியில் போட்டுத் தரவில்லை.

ஷெர்சர் தூக்கின் அழகு தெரிந்தது அது திறந்தபோதுதான். மோட்டார் கிடையாது. தூக்கின் ஒவ்வொரு இலையும், அதாவது ஒவ்வொரு பாதியும், 415 டன். இருகரையிலும் ஆட்கள் நீண்ட இரும்பு நெம்புகோலைப் பிடித்து மூச்சுவாங்கத் தள்ளுவார்கள். பல்சக்கரங்கள் கடகடக்கும். தண்டவாளம் பிளந்து, இரண்டு இலையும் ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து எழும். கீழே விசைப்படகுகள் பொறுமை இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும், பெரிய கப்பல் போனதும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரே பாய்ச்சல். உப்புக்காற்று இரும்பைத் தின்னத் தின்ன, பெயின்ட் டப்பாவோடு இன்னொரு கூட்டம் வருஷம் முழுக்கப் பாலத்தில் தொங்கும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு. சிகாகோவில் சுருட்டிவைத்த குழாய்க்குள் இந்த ஆட்கள் யாரும் இல்லை. படம் வாங்கியவர்கள் இவர்களைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, அதுவும் நூறு வருஷத்துக்கு மேலாக.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றிக் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. தனுஷ்கோடியை நெருங்கிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் பயணிகளோடு எடுத்துக்கொண்டது. ஊரையும் எடுத்துக்கொண்டது. அது வாழ லாயக்கில்லாத இடம் என்று பிறகு அரசு அறிவித்தது.

பாம்பன் பாலத்தில் 145 கர்டர்களில் 126 போய்விட்டன. ஷெர்சரின் நடுத்துண்டு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. அதன் விலை என்ன, எவ்வளவு ஏமாற்று என்றெல்லாம் அதுவரை முணுமுணுத்தவர்கள் யாராவது இருந்தால் அன்றோடு வாயை மூடியிருப்பார்கள். சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே நாள் குறித்தது, மேலதிகாரி அதை மூன்றாக்கினார். வேலை முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலையில் விழுந்தது. புதுக் கர்டர் கேட்டு எழுதிப்போட்டால் கோப்பு நகர்ந்து, ஆலை நகர்ந்து, ரயில் நகர்ந்து வந்துசேர எத்தனை காலமோ. கடலுக்குள் விழுந்ததையே தேடி எடுத்து மாட்டிவிடலாமே என்று போனார்கள். எங்கே கிடக்கிறது என்பது மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. கர்டர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி, பழைய தூண்களில் திரும்ப ஏற்றி, 46 நாளில் ரயிலை ஓடவிட்டார்கள். கட்டில் அடியில் உருண்ட லெகோ துண்டைத் தேடவே நம் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சர் கொடுத்த பரிசு 1,000 ரூபாய். அந்த 46 நாள் வேலைக்கு ஏதாவது படம் இருந்திருந்தால் அதை விற்றே இதைவிட அதிகம் பார்த்திருக்கலாம்.

இதே கரையில் இன்னொரு வாகனமும் படம் இல்லாமல் உருவானது. இராமேசுவரத்தில் ஜைனுலாபுதீன் என்பவர், யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய் வர, உறவினர் அகமது ஜலாலுதீனோடு சேர்ந்து கடற்கரையிலேயே ஒரு மரப்படகு கட்டினார். பலகைகளை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்துவதை அவர் பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். அந்தப் படகையும் பின்னால் ஒரு புயல் கொண்டுபோனது. வேடிக்கை பார்த்த பையன் வளர்ந்து எஸ்.எல்.வி.-3 என்ற வாகனத்தைக் கட்டும் திட்டத்துக்குத் தலைவரானார். 1979 ஆகஸ்டில் முதலாவது வங்காள விரிகுடாவில் விழுந்தது. அப்பாவின் படகைக் கடலும் மகனின் ராக்கெட்டை இன்னொரு கடலும் வாங்கிக்கொண்டன, குடும்பக் கணக்கில் சமம். 1980 ஜூலை 18 அன்று அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அப்துல் கலாம் ராக்கெட்டின் படத்தைக் கடையில் விற்கவில்லை. ஆனால் ‘அக்னிச் சிறகுகள்’ விற்காத பேருந்து நிலையப் புத்தகக் கடை தமிழ்நாட்டில் கிடையாது. பாகங்கள் சேர்க்காமல் படி மட்டும் விற்றதில் இந்தக் கரையின் பெரிய சாதனை அதுதான். வாங்கியவர்கள் எல்லோரும் கட்டி முடித்தார்களா என்பது அவரவர் சௌகரியம்.

பாலத்துக்கு 2007இல் இன்னொரு சோதனை. மீட்டர் கேஜுக்குக் கட்டிய பழைய தூண்கள்மேல் பிராட் கேஜ் தண்டவாளம். பழைய பெட்டிச் சாமானில் புது வண்டி. இப்படிச் செய்யலாமா என்று சிகாகோவில் கேட்க அப்போது ஆள் இல்லை, நாமே பார்த்துக்கொண்டோம். அதுவும் ஓடியது, 2022 டிசம்பரில் நிறுத்தும்வரை.

பிறகு புதுப் பாலம். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பிரதமர் திறந்துவைத்தார். நளன் நினைவாக நாள் பார்த்திருக்கிறார்கள், வேகத்தில் மட்டும் அவரைப் பின்பற்றவில்லை, ஐந்து வருஷம் ஆனது. இதில் இலை மல்லாக்கப் பிரிவதில்லை. 72.5 மீட்டர் நடுத்துண்டு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 17 மீட்டர் நேரே மேலே ஏறுகிறது. நெம்புகோல் தள்ளும் ஆட்கள் வேண்டாம், பொத்தான் போதும். படம்? அதை ஏன் கேட்கிறீர்கள். இந்தத் தடவை ஸ்பெயின். டிப்சா என்ற நிறுவனம் வடிவமைக்க, ஐ.ஐ.டி.க்காரர்கள் சரிபார்த்தார்கள். வெளிநாட்டு விதிமுறைப்படி வடிவமைத்ததையும், ரயில்வேயின் சொந்த ஆய்வு நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ. இதில் ஒதுங்கிக்கொண்டதையும் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அறிக்கையில் குறையாகச் சொன்னார். ஆர்.டி.எஸ்.ஓ.வை யாரும் கேட்கவில்லையோ என்னவோ.

புதுசு திறந்ததும், பக்கத்தில் நின்ற பழசை என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. மொத்தமாகக் கழற்றலாமா, ஷெர்சர் துண்டை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டுவைக்கலாமா என்று ஆளுக்கொரு கட்சி. கழற்றுவதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஆல்பர்ட் ஷெர்சர் நமக்கு விற்றது பூட்டுகிற படம். கழற்றுகிற படத்துக்குத் தனி விலை என்று அன்றே சொல்லியிருப்பார், நாம்தான் கேட்டிருக்கமாட்டோம்.