ஸ்டோர்ஸில் ஒரு மனை வியாபாரி

மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இவர் இருப்பார். ஆனால் பார்க்க முடியாது. "இப்பதான் இருந்தாரு" என்பார்கள். காலையில் பஞ்சிங் இயந்திரத்தில் விரல் வைப்பதோடு கம்பெனிக்கான கடமை முடிந்தது. பிறகு ஸ்டோர்ஸ் ரேக்குக்குப் பின்னால் நின்று, "டிடிசிபி அப்ரூவல் சார், முப்பதடி ரோடு" என்று மனை விற்பார். கேன்டீனில் சீட்டுப் பணம் வசூல். அசெம்பிளி லைனில் மட்டும் இந்த இனம் தட்டுப்படாது. கன்வேயர் யாருக்காகவும் நிற்பதில்லை. அங்கே வேலை செய்பவர் ஒன்றுக்குப் போவதற்கே மாற்று ஆள் தேட வேண்டும். ஆகவே வேலை நேரத்து சைடு பிசினஸ் ஏழையின் தந்திரம் அல்ல, நாற்காலி கிடைத்தவரின் சலுகை.

சட்டத்திலும் இவர் சிக்கமாட்டார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அன்றே இன்னொன்றில் பார்க்கக் கூடாது என்றது. மனை விற்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. 2022இல் விப்ரோ 300 பேரை நீக்கியது, போட்டி நிறுவனங்களுக்கும் உழைத்தார்கள் என்று. இவர் உழைப்பது பூமாதேவிக்கு அல்லவா? சம்பளம் போதவில்லை என்பார்கள். மெய்தான். ஷிப்ட் முடிந்து ஆட்டோ ஓட்டுபவரையும் டிபன் கடை போடுபவரையும் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இவர் எடுப்பது கம்பெனியின் நேரம்கூட அல்ல. "தம்பி, கொஞ்சம் பாத்துக்க" என்று இவர் நகர்ந்ததும் வந்து நிற்கும் லாரியை இறக்குகிறவன் டிரெய்னி. அவனுக்கும் சம்பளம் போதவில்லை. கமிஷனில் பங்கும் இல்லை.

இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுக்கலாமா? "ஞாயிற்றுக்கிழமை மனை காட்டுவேன்" என்று ஒளிக்காமல் சொல்பவரை எடுக்கலாம் என்பேன். லாரி வந்தால் யார் இறக்குவது என்பதை மட்டும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். ஞாயிறு மெல்லச் செவ்வாயாகிவிடுமே என்று ஹெச்.ஆர். பயப்படுகிறார். நியாயமான பயம். ஆனால் "வேற தொழிலா? சேச்சே!" என்றவரைத்தானே அவர் தேர்ந்தெடுக்கிறார்? அந்த நேர்காணலும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, போனில், நாற்பது நிமிடம் நடந்தது. பழைய கம்பெனியின் ரேக்குக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தவரைப் பற்றி ஹெச்.ஆர். குறித்துக்கொண்டது: 'பேச்சில் பணிவு.'